அதை யார் பார்த்தது? – உயிருள்ள தசைக்குள் இரத்த நுண்குழாய்களைக் கண்ட வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளியின் குறுக்கோட்டப் போட்டி முடிந்த மறுநாள், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இரத்த ஓட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் இதயத்தை வரைந்தேன். தமனிக்குச் சிவப்புக் கோடு, சிரைக்கு நீலக் கோடு. இரண்டையும் இணைக்கும் இடத்தில் வலைபோல மெல்லிய கோடுகளைக் கிறுக்கி, "இவைதாம் தந்துகிகள்" என்றேன். தந்து என்றால் நூல். நூலினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் என்பதால் அப்பெயர்.

முதல்நாள் ஓட்டம் மாணவர்களின் நினைவில் இருந்ததால், அதையே எடுத்துக்காட்டாகக் கொண்டேன். "நீங்கள் சும்மா அமர்ந்திருக்கும்போது கால் தசையில் உள்ள தந்துகிகளில் பெரும்பாலானவை மூடிக் கிடக்கும். ஓடத் தொடங்கியதும் அவை திறந்துகொள்ளும்" என்று சொன்னேன். பயிற்சிக் காலத்தில் படித்த ஒரு பழைய நூலில் அப்படித்தான் இருந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "டீச்சர், உயிரோட இருக்கிற ஆளோட காலுக்குள்ள போயி அதை யாரு பார்த்தா?"

வகுப்பு சிரித்தது. மணி அடிக்கப் பத்து நிமிடமே இருந்தது. பயிற்சி நூலில் இரண்டு பக்கம் பாக்கி. "புத்தகத்தில் இருக்கிறது, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த மாதம் முழுவதும் அவன் கை உயரவேயில்லை.

அவன் கேட்டது குறும்புக் கேள்வி அன்று என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பள்ளி விடுமுறையில் அதற்கு விடை தேடத் தொடங்கினேன். கிடைத்த விடை, நான் நினைத்ததைவிட நீளமானது. ஓரளவு என்னை வெட்கப்படவும் வைத்தது. அதையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

காணாமலே கணித்தவர்

ஐரோப்பாவில் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கேலன் என்னும் பண்டைய மருத்துவரின் கருத்தே கோலோச்சியது. உண்ட உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது, அது உடலெங்கும் சென்று செலவாகிவிடுகிறது என்பது அக்கருத்து. ஆற்று நீர் வயலுக்குப் பாய்ந்து வற்றுவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை மறுத்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. 1628-இல் வெளியிட்ட நூலில் அவர் கையாண்ட கருவி எளிய கணக்கு. ஒரு துடிப்புக்கு இதயம் வெளியேற்றும் இரத்தத்தையும் துடிப்புகளின் எண்ணிக்கையையும் பெருக்கிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் வெளியேறும் அளவே உடலில் உள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சியது. அவ்வளவு இரத்தத்தை உணவிலிருந்து உண்டாக்க எந்தக் கல்லீரலாலும் இயலாது. ஆகவே ஒரே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வரவேண்டும் என்று முடிவு செய்தார்.

ஆனால் ஒரு குறை இருந்தது. தமனியின் கடைக்கோடியிலிருந்து சிரையின் தொடக்கத்திற்கு இரத்தம் எவ்வழியே போகிறது? ஏதோ ஒரு வழி இருந்தாக வேண்டும் என்று ஹார்வி அறிந்திருந்தார். ஆனால் அவர் அதைக் கண்டதில்லை. காணாமலேயே 1657-இல் மறைந்தார்.

தவளையின் நுரையீரலில்

ஹார்வியின் நூல் வெளிவந்த அதே 1628-இல்தான் இத்தாலியில் மார்செல்லோ மால்பிகி பிறந்தார். ஹார்வி மறைந்து நான்கே ஆண்டுகளில், 1661-இல், தம் நண்பர் பொரெல்லிக்கு எழுதிய இரண்டு கடிதங்களில் அந்த விடுபட்ட கண்ணியை மால்பிகி விளக்கினார். தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, தமனிக்கும் சிரைக்கும் இடையே நுண்ணிய குழாய்கள் வலையாகப் பின்னிக் கிடந்தன. இரத்தம் தசைக்குள் கண்டபடி கொட்டவில்லை, குழாய்க்குள்ளேயே ஓடியது.

தொடர்ந்து ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகரான ஆண்டனி வான் லீவன்ஹூக், தம் கையாலேயே தேய்த்துச் செய்த ஒற்றை வில்லைக் கருவிகளால் தலைப்பிரட்டையின் வாலிலும் விலாங்கு மீனின் வாலிலும் இரத்தம் ஓடுவதைக் கண்டு 1688-இல் எழுதினார். 1698-இல் டெல்ஃப்ட் வந்த ரஷ்யப் பேரரசர் பீட்டருக்கும் விலாங்கு வாலில் ஓடும் இரத்தத்தைக் காட்டினார் என்பர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவளையின் நுரையீரல், தலைப்பிரட்டையின் வால், விலாங்கின் வால் துடுப்பு ஆகிய மூன்றும் மெல்லியவை. ஒளி ஊடுருவக் கூடியவை. கீழிருந்து ஒளி பாய்ச்சினால் மேலிருந்து பார்க்கலாம். தசை அப்படிப்பட்டது அன்று. அது தடிப்பானது, ஒளியை மறைப்பது, தோலுக்கு அடியில் கிடப்பது. திறந்து வைத்தால் உலரும், தொட்டால் துடிக்கும். வெட்டி எடுத்தாலோ இரத்த ஓட்டமே நின்றுவிடும். அங்குள்ள தந்துகிகளும் தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உடையவை. சிவப்பணு ஒன்று உடலை வளைத்துக்கொண்டுதான் நுழைய முடியும். அதனால் மால்பிகிக்குப் பின் 250 ஆண்டுகள் கடந்தும், உயிருள்ள தசைக்குள் தந்துகிகள் என்ன செய்கின்றன என்ற கேள்வி தெளிவான விடையின்றிக் கிடந்தது. என் மாணவன் கேட்ட கேள்வியும் அதுவே.

ஆசிரியரை மறுத்த மாணவர்

அக்கேள்வியைக் கையில் எடுத்தவர் டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக். 1874-இல் பிறந்தவர். கோப்பன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் என்னும் புகழ்பெற்ற உடலியல் பேராசிரியரிடம் உதவியாளராக இருந்தார். அணு அறிவியலில் பெயர்பெற்ற நீல்ஸ் போரின் தந்தைதான் இந்தப் பேராசிரியர்.

நுரையீரல் தானே முயன்று உயிர்வளியை இரத்தத்திற்குள் செலுத்துகிறது என்பது கிறிஸ்டியன் போரின் உறுதியான கருத்து. குரோக்கும் மருத்துவரான அவருடைய மனைவி மேரியும் அளந்து பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. மிகுதியாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்திற்கு உயிர்வளி தானாகவே பரவுகிறது. அதுவே போதும் என்று கண்டனர். 1910-இல் ஏழு கட்டுரைகளாக இதை வெளியிட்டனர். 'ஏழு குட்டிப் பிசாசுகள்' என்று அவை வேடிக்கையாக அழைக்கப்பட்டன. தம் ஆசிரியருக்குத் தாம் பட்ட கடனை நன்றியோடு குறிப்பிட்டுக்கொண்டே அவர் கருத்தை மறுத்தார் குரோக். ஆசிரியர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

நுரையீரலில் நடப்பது அதுவென்றால், மறுமுனையான தசையில் என்ன நடக்கிறது? ஓடும்போது தசை பயன்படுத்தும் உயிர்வளி பன்மடங்கு உயர்கிறது. இதயம் கூடுதல் இரத்தத்தை அனுப்புவதோடு, தசையும் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் உயிர்வளியின் பங்கை உயர்த்திக்கொள்கிறது. எப்படி?

குரோக் முதலில் எண்ணினார். தசையைக் குறுக்காக வெட்டி, ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை தந்துகிகள் என்று நுண்ணோக்கியில் பார்த்தார். தவளையின் தசையில் ஏறத்தாழ 400; குதிரையில் 1,400; நாயில் 2,600. ஒரு பென்சில் முனைப் புள்ளியளவு இடத்தில் இத்தனை குழாய்கள்!

அடுத்துக் கணக்கு. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்குப் பொதுக் குழாயடி நினைவிருக்கும். சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் அந்த ஒரு குழாயிலிருந்துதான் தண்ணீர். குழாயடிகள் நெருக்கமாக இருந்தால் எவரும் தொலைவு நடக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் இருந்தால் கடைசி வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம். ஒவ்வொரு தந்துகியும் தன்னைச் சூழ்ந்த ஓர் உருளை வடிவத் தசைப்பகுதிக்கு உயிர்வளி வழங்குகிறது என்று குரோக் கருதினார். அதற்குரிய சமன்பாட்டை வகுத்துக் கொடுத்தவர் அக்னர் எர்லாங் என்னும் கணித அறிஞர். அவர் பணியாற்றியது கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில். தொலைபேசி அழைப்புகளின் நெரிசலைக் கணித்தவர் தந்துகிக் கணக்கையும் போட்டுத் தந்தார். கணிதம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

கணக்கின் முடிவு குரோக்கை வியக்க வைத்தது. அத்தனை தந்துகிகளும் எந்நேரமும் திறந்திருந்தால், ஓய்வில் இருக்கும் தசை உயிர்வளியில் மிதக்க வேண்டும். ஆனால் ஓய்வுத் தசையில் உயிர்வளி குறைவு என்பதே அக்காலத்தில் நிலவிய கருத்து. அப்படியானால் ஓய்வில் பல மடைகள் அடைபட்டிருக்க வேண்டும். வேலை வந்ததும் திறக்க வேண்டும்.

கணித்ததோடு குரோக் நிற்கவில்லை, பார்க்க முனைந்தார். உயிருள்ள தவளையின் மேற்புறத் தசைகளில் மேலிருந்து வலிய ஒளியைப் பாய்ச்சி நுண்ணோக்கியில் நோக்கினார். ஓய்வில் ஆங்காங்கே சில தந்துகிகளே தென்பட்டன. தசையைத் தூண்டிச் சுருங்கச் செய்தபோது மேலும் பல புலப்பட்டன. பிறகு உயிருள்ள விலங்கின் இரத்தத்தில் கரிய மையைச் செலுத்தினார். திறந்திருக்கும் குழாய்களில் மட்டும் மை புகும். உடனே இரத்த ஓட்டத்தை நிறுத்தித் தசையை வெட்டி எண்ணினார். கினிப்பன்றியின் ஓய்வுத் தசையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சில பத்துகள் முதல் சில நூறுகள் வரையே மையேறியிருந்தன. உழைத்த தசையிலோ 2,000-க்கும் மேல். வெறுங்கண்ணுக்கே ஒன்று வெளிறியும் மற்றது கறுத்தும் தெரிந்தது.

தந்துகி ஓட்டம் ஒழுங்குபடுத்தப்படும் முறையைக் கண்டறிந்ததற்காக 1920-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு குரோக்குக்கு வழங்கப்பட்டது.

தந்துகி சேர்த்துவைத்த மருந்து

இக்கதையில் நம் வீடுகளைத் தொடும் ஒரு கிளையும் உண்டு. 1922-இல் தந்துகிகளைப் பற்றிச் சொற்பொழிவாற்ற அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் குரோக்கை அழைத்தது. மேரி குரோக்குக்கு நீரிழிவு நோய் இருந்தது. கனடாவின் டொரோண்டோ நகரில் இன்சுலின் என்னும் புதிய மருந்து கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அப்போதுதான் பரவியிருந்தது. மேரியின் தூண்டுதலால் குரோக் டொரோண்டோவுக்கும் சென்று, அம்மருந்தைத் தம் நாட்டில் தயாரிக்கும் அனுமதியோடு திரும்பினார். 1923-இலேயே டென்மார்க்கில் நோயாளிகளுக்கு இன்சுலின் கிடைத்தது.

என் தாயார் பல ஆண்டுகள் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர். கண் மருத்துவர் ஒருமுறை, "சர்க்கரை முதலில் கெடுப்பது பெரிய குழாய்களை மட்டுமல்ல அம்மா, கண்ணிலும் சிறுநீரகத்திலும் உள்ள மிகச் சிறிய குழாய்களையும்தான்" என்று அவரிடம் சொன்னார். அப்போது எனக்கு அது ஓர் அறிவுரையாக மட்டுமே கேட்டது. அந்தச் சிறிய குழாய்களின் வரலாற்றைப் படித்த பிறகுதான் அச்சொல்லின் கனம் புரிந்தது.

மீண்டும் பார்த்தவர்கள்

நோபல் பரிசோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். முடியவில்லை.

மை முறை, ஒரு கணத்தை மட்டும் நிறுத்திக் காட்டும் நிழற்படம் போன்றது. மெதுவாக ஓடும் தந்துகிக்குள் அந்தச் சில நொடிகளில் மை புகாமலும் இருக்கலாம். மை இல்லாததாலேயே அது மூடியிருந்தது என்று சொல்லிவிட முடியுமா? இதைத் தெளிவுபடுத்த, ஓடும் இரத்தத்தையே தசைக்குள் நெடுநேரம் பார்க்க வேண்டும்.

இயற்கை சில தசைகளை மெல்லிய தாள்போலப் படைத்திருக்கிறது. முயலின் பின்னங்காலிலும் எலியின் முதுகிலும் அத்தகைய தசைகள் உண்டு. விலங்கை மயக்கத்தில் ஆழ்த்தி, நரம்பும் இரத்தக் குழாயும் அறுபடாமல் அத்தசையை வெளிப்படுத்தி, உடல் வெப்பத்தில் உள்ள உப்புநீரால் நனைத்துக்கொண்டே, கீழிருந்து ஒளியூட்டி நுண்ணோக்கியில் பார்க்கலாம். சுவீடனில் பிரோனெமார்க்கும் எரிக்சனும் முயலின் தசையில் இதற்கான முறையை 1972-இல் விவரித்தனர். நுண்ணோக்கியோடு ஒளிப்பதிவுக் கருவி சேர்ந்தபோது, சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக வரிசை கட்டிச் செல்வதைப் பதிவு செய்து, மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்து எண்ண முடிந்தது.

இப்படிப் பார்த்ததில் பழைய பாடங்கள் சில திருத்தப்பட்டன. ஒவ்வொரு தந்துகியின் வாயிலிலும் ஒரு தசை வளையம் காவலாளிபோல் நின்று திறந்து மூடும் என்று பல நூல்கள் எழுதின. அது 1930, 1940-களில் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வில் கண்டது. அதை எல்லா உறுப்புகளுக்கும் பொதுவாக்கிவிட்டனர். கால் தசையிலும் முதுகுத் தசையிலும் தேடியபோது அத்தகைய வளையங்கள் காணப்படவில்லை. அங்கே ஒரு நுண்தமனி விரிந்தால் அதன் கீழுள்ள ஒரு குழுத் தந்துகிகளுக்கு மொத்தமாக இரத்தம் பெருகுகிறது. தண்ணீர் வீட்டுக்கு வீடு திறக்கப்படுவதில்லை. தெருவுக்குத் தெரு திறக்கப்படுகிறது.

2002-இல் அமெரிக்காவின் டேவிட் பூலும் அவருடன் பணியாற்றியவர்களும் எலியின் முதுகுத் தசையைப் பார்த்து வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. ஓய்விலேயே பெரும்பாலான தந்துகிகளில் சிவப்பணுக்கள் ஓடிக்கொண்டிருந்தன. தசை சுருங்கத் தொடங்கியதும் சில நொடிகளுக்குள் அந்த ஓட்டம் விரைந்தது. மூடிக் கிடந்த கதவுகள் திறந்ததைவிட, ஏற்கெனவே திறந்திருந்த வழிகளில் போக்குவரத்து விரைவானதே அங்கு முதன்மையாகத் தெரிந்தது. இதை ஏற்காத ஆய்வாளர்களும் உள்ளனர். வேறு முறைகளால் அளந்து, உழைப்பின்போது புதிய தந்துகிகள் சேர்கின்றன என்று அவர்கள் வாதிடுகின்றனர். வழக்கு முடியவில்லை.

இதனால் குரோக் சிறுமைப்படவில்லை. தசையின் தேவைக்கேற்பத் தந்துகி ஓட்டம் மாறுகிறது என்ற அவருடைய அடிப்படை நிற்கிறது. அவரும் எர்லாங்கும் வகுத்த உருளைக் கணக்கை ஆய்வாளர்கள் இன்றும் தொடக்கப் புள்ளியாகக் கொள்கின்றனர். தம் ஆசிரியரைத் திருத்தியவரை அடுத்த தலைமுறை திருத்தியது. அறிவியலில் அதுதான் மரியாதை.

ஆனால் நான்? "பெரும்பாலானவை மூடிக் கிடக்கும்" என்று ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஐயமின்றிச் சொன்னேனே, அந்த ஒரு வாக்கியத்தின் மீதுதான் பல ஆண்டுகளாக வாதம் நடந்துகொண்டிருக்கிறது. "அதை யாரு பார்த்தா?" என்று கேட்ட பத்து, பதினொரு வயதுப் பையன், ஆய்வாளர்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். நான் அவனை உட்கார வைத்துவிட்டேன்.

மறுபடியும் அந்த வகுப்பில்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கினேன். முதலில், "அன்று நான் சொன்னது முழுவதும் சரியன்று, கேள்விதான் சரி" என்று வகுப்பின் முன்னிலையில் அவனிடம் சொன்னேன். பிறகு ஒவ்வொருவரையும் தங்கள் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுக்கச் சொன்னேன். நகத்தடி வெளிறி, ஓரிரு நொடிகளில் இளஞ்சிவப்பாக மாறியது. "தந்துகிகளுக்குள் இரத்தம் திரும்புவதைத்தான் பார்க்கிறீர்கள். யார் பார்த்தது என்று இனி எவரும் கேட்டால், நீங்களும் பார்த்ததாகச் சொல்லலாம்" என்றேன். பெற்றோர்களே, இதை வீட்டில் உங்கள் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். செலவில்லாத சோதனை.

பின்னர் ஹார்வி தொடங்கிக் கதையைச் சொன்னேன். முடித்ததும் நெடுநாள் கழித்து அந்தக் கை உயர்ந்தது.

"டீச்சர், அப்ப அந்தத் தவளைக்கு வலிச்சிருக்காதா?"

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. வசதியான விடை ஏதும் என்னிடம் இல்லை. மால்பிகியின் காலத்தில் மயக்க மருந்து இல்லை என்றும், ஆகவே வலித்திருக்கும் என்றும் சொன்னேன். இப்போது இத்தகைய ஆய்வுகளுக்கு முன்அனுமதி வேண்டும், விலங்குக்கு மயக்க மருந்து தர வேண்டும் என்றும், அவை போதுமா என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு என்றும் சொன்னேன். அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு அமர்ந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை.

பாடத்திட்டம் முடியவேண்டும் என்ற நெருக்கடி நம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. எனினும், பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் "தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று கூற அரை நிமிடம் போதும். "புத்தகத்தில் இருக்கிறது, உட்கார்" என்று கூறவும் அதே அரை நிமிடம்தான் ஆகிறது.